எலிக்காய்ச்சல் குளிசையை டெங்குக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: வாப்பா சம்மாந்துறையில் வயல் செய்கிறார். பெரும்போகம் தொடங்கும்போது எலிக்காய்ச்சல் வராமல் இருக்க பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கொடுத்த டொக்சிசைக்கிளின் குளிசை வீட்டில் மிச்சம் இருக்கிறது. இப்போது தம்பிக்குக் காய்ச்சல், டெங்கோ என்று பயமாக இருக்கிறது. இரண்டும் மழைக்காலத்தில் வரும் கிருமிக் காய்ச்சல்தானே, அந்தக் குளிசையையே கொடுத்தால் என்ன? உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் தங்கச்சி, வைரஸுக்கு அது கேட்காது என்கிறாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை.

பதில்: கொடுக்க வேண்டாம். தங்கச்சி சொன்னது சரி. காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டியிருந்தால் முதலில் தம்பியை ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். காரணத்தை அப்புறம் வந்து வாசிக்கலாம்.

எலிக்காய்ச்சலைத் தருவது லெப்டோஸ்பைரா என்ற பக்டீரியா. எலியின் சிறுநீரில் மட்டுமல்ல, மாடு, எருமையின் சிறுநீரிலும் அது வெளியேறும். வயல் தண்ணீரில் கலந்து, காலில் உள்ள சின்னக் கீறல் வழியாக உடம்புக்குள் போய்விடும். சுருள் வடிவம், தடிப்பு ஒரு மைக்ரோமீற்றரில் பத்தில் ஒரு பங்குதான். அவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் அது முழுமையான ஓர் உயிர்க்கலம். சொந்தமாகச் சுவர் உண்டு, டி.என்.ஏ. உண்டு, புரதம் செய்யும் ரைபோசோம்களும் உண்டு. டொக்சிசைக்கிளின் போய் ஒட்டிக்கொள்வது அந்த ரைபோசோமில்தான். புரதம் செய்வது நின்றால் பக்டீரியாவால் பெருக முடியாது. நமது கலங்களின் ரைபோசோம் வேறு அமைப்பு என்பதால் நாம் தப்பிக்கொள்கிறோம்.

டெங்கு வைரஸுக்கு இவற்றில் எதுவுமே இல்லை. ஓர் ஆர்.என்.ஏ. இழை, அதைச் சுற்றிப் புரத உறை, மேலே ஒரு கொழுப்புப் படலம், அவ்வளவுதான். விட்டம் சுமார் 50 நனோமீற்றர். ஒரு மில்லிமீற்றர் நீளத்துக்குள் 20,000 வைரஸ்களை வரிசையாக அடுக்கலாம். பெருகுவதற்கு நமது கலத்துக்குள் நுழைந்து, நமது ரைபோசோமையே வேலை வாங்குகிறது. குளிசை அடிக்க வேண்டிய இடம் வைரஸில் இல்லை. அது பயன்படுத்தும் ரைபோசோமை நிறுத்தப் போனால், நிறுத்துவது தம்பியுடையதை.

தங்கச்சிக்கு இன்னொன்று. 1977இல் கார்ல் வோஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி உயிரினங்களின் ரைபோசோம் ஆர்.என்.ஏ.யை ஒப்பிட்டுப் பார்த்துத்தான், பக்டீரியா போலத் தோன்றிய ஒரு கூட்டம் பக்டீரியாவே அல்ல என்று கண்டார். அதிலிருந்து வந்தவைதான் அவள் பாடமாக்கும் பக்டீரியா, ஆர்க்கியா, யூக்கரியா என்ற மூன்று பேரிராச்சியங்கள், அதாவது உயிரினங்களின் மிகப் பெரிய பிரிவுகள். ரைபோசோமே இல்லாத வைரஸை இந்த அளவுகோலால் அளக்க வழியில்லை. அதனால் வைரஸ்களுக்குத் தனி வகைப்பாடு இருக்கிறது. அதில் டெங்கு வைரஸ், நம் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸின் குடும்பம். பரீட்சைக்கு மட்டும் என்று அவள் நினைக்கும் அந்த அட்டவணை, எந்த மருந்து எந்தக் கிருமிக்குக் கேட்கும் என்பதையும் பாதி சொல்லிவிடும்.

தம்பி வயலில் இறங்கினாரா, வாய்க்காலில் குளித்தாரா என்பதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் எலிக்காய்ச்சலில் அதிகம்; கண்ணுக்குப் பின்னால் நோவது டெங்கில் அதிகம். ஆனாலும் இதை வைத்து வீட்டில் தீர்ப்புச் சொல்ல முடியாது. இரண்டிலும் குருதிச் சிறுதட்டுகள் குறையலாம். ஒருவேளை எலிக்காய்ச்சலாகவே இருந்தாலும் உங்கள் மிச்சக் குளிசை போதாது. தடுப்புக்குக் கொடுப்பது வாரத்துக்கு ஒரு முறை 200 மில்லிகிராம். சிகிச்சைக்கு நாள்தோறும் எடுக்க வேண்டும், கடுமையானால் ஊசி மருந்துதான். வைத்தியரிடம் காட்டும்வரை பனடோல் மட்டும், எடைக்கு ஏற்ற அளவில். அஸ்பிரின், இபுபுறூபன் இரண்டும் இரத்தக் கசிவைக் கூட்டும், தொடவே வேண்டாம். டெங்கில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தானது. சுகமாகிவிட்டது என்று அப்போது கவனத்தை விட்டுவிடாதீர்கள்.

எனக்கு யோசனை தருவது வேறு. குளிசை ஏன் மிச்சம்? சேற்றில் இறங்கும் காலம் முழுவதும் வாராவாரம் எடுக்க வேண்டியதை, முதல் வாரம் போட்டுவிட்டு மறப்பவர்கள் நிறையப் பேர். சிலர் வெயிலில் தோல் எரிகிறது என்று விடுகிறார்கள். அது இந்த மருந்தின் உண்மையான பக்கவிளைவுதான், முழுக்கைச் சட்டையும் தொப்பியும் போட்டால் சமாளிக்கலாம். வயிறு எரிந்தால் சாப்பிட்டபின் நிறையத் தண்ணீரோடு போடட்டும், உடனே படுக்க வேண்டாம். வாப்பா இன்னும் வயலுக்குப் போகிறார் என்றால் அந்தக் குளிசை அவருக்கு உரியது. எத்தனை வாரம் தவறியது என்று கேட்டு, பி.எச்.ஐ.யிடம் சொல்லுங்கள்.