விருந்துக்கு மறுநாள் ஏறிய எடை

வாசகர் கேள்வி – பதில்

இரண்டு மாதம் அளவாகச் சாப்பிட்டு 3 கிலோ குறைத்தேன். சனிக்கிழமை ஒரு விருந்தில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டேன். மறுநாள் காலை எடை 1.4 கிலோ ஏறியிருக்கிறது. பட்ட பாடெல்லாம் வீண்தானா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். உடம்பில் 1 கிலோ கொழுப்பு சேர, அன்றாடத் தேவை போக ஏறத்தாழ 7,700 கலோரி உபரியாக வேண்டும். 1.4 கிலோ என்றால் 10,000 கலோரிக்கும் மேல். ஒரு விருந்தில் அவ்வளவு சாப்பிடுவது சாதாரண வயிற்றுக்கு ஆகிற காரியமில்லை. ஏறியதில் பெரும்பகுதி தண்ணீர். மாவுச்சத்து, தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையாகச் சேரும்போது கிராமுக்குச் சுமார் 3 கிராம் தண்ணீரையும் கூட இழுத்துவைத்துக்கொள்ளும். விருந்தில் உப்பும் தூக்கலாக இருந்திருக்கும். அதுவும் தண்ணீரைத் தேக்கும். மிச்சம், இன்னும் குடலில் இருக்கும் சாப்பாட்டின் எடை. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் சில நாளில் தானாக இறங்கும். டயட் தொடங்கிய முதல் வாரத்தில் மளமளவென்று குறைவதிலும் பாதிக்கு மேல் இதே தண்ணீர்தான். அப்போது மட்டும் யாரும் மெஷினைச் சந்தேகப்படுவதில்லை!

ஞாயிற்றுக்கிழமை பட்டினி கிடந்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள். அந்தப் பசி திங்கட்கிழமை வட்டியோடு வரும். காலையில் கழிவறை போய்வந்து, எதுவும் குடிக்கும் முன் எடை பாருங்கள். ஏழு நாள் சராசரியை எடுத்து, போன வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் நீர் தேங்கும் பெண்கள், போன மாதம் அதே நாட்களில் இருந்த எடையோடு ஒப்பிடுவதுதான் சரி.

சாக்லேட்டை அடியோடு விட்டுவிட்டேன். பத்து நாள் தாக்குப்பிடிப்பேன். பதினோராம் நாள் ஒரு துண்டு வாயில் போட்டால் டப்பா காலியாகும்வரை கை நிற்காது. எனக்கு மன உறுதியே இல்லையா?

மன உறுதியைக் குறை சொல்லும் முன், அந்தப் பத்து நாளும் மற்ற வேளைகளில் என்ன சாப்பிட்டீர்கள் என்று பாருங்கள். 1945இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உடலியல் ஆய்வாளர் ஆன்சல் கீஸ் குழுவினர், ஆரோக்கியமான 36 ஆண்களுக்கு 24 வாரம் அரைவயிற்றுச் சாப்பாடு கொடுத்துச் சோதித்தார்கள். நாள் முழுக்க அவர்களுக்குச் சாப்பாட்டு நினைப்புதான். சிலர் சமையல் புத்தகம் சேர்க்கத் தொடங்கினார்கள். கட்டுப்பாடு நீங்கியதும், வயிறு நிறைந்த பிறகும் நிறுத்த முடியாமல் சாப்பிட்டவர்கள் உண்டு. பசித்த உடம்பு இப்படித்தான் நடந்துகொள்ளும்.

இன்னொன்று, 'அதான் கெட்டுப்போச்சே, மிச்சம் எதற்கு?' என்ற நினைப்பு. 20 கிராம் துண்டில் இருப்பது சுமார் 110 கலோரி. 200 கிராம் டப்பா முழுவதும் போனால் 1,000ஐத் தாண்டும். முதல் துண்டு எதையும் கெடுக்கவில்லை. கெட்டுவிட்டது என்று முடிவுகட்டியதுதான் டப்பாவைக் காலி செய்தது.

முதல் இரண்டு வாரம் சாக்லேட்டைப் பற்றிய பேச்சே வேண்டாம். வேளை தவறாமல், ஒவ்வொரு வேளையிலும் முட்டை, மீன், பருப்பு, தயிர் என்று ஏதாவது ஒரு புரதம் சேர்த்துச் சாப்பிடுங்கள். வாரத்துக்கு அரை கிலோ குறைந்தால் போதும் என்று வையுங்கள். பிறகு வாரம் மூன்று நாள், சாப்பாடு முடிந்த கையோடு, 20 கிராம் எடுத்துத் தட்டில் வைத்து, டப்பாவை அலமாரியில் வைத்துவிட்டு வந்து, உட்கார்ந்து தின்னுங்கள். கையில் போன் வேண்டாம். பசியோடு இருக்கும்போதும், நின்றுகொண்டும் தொடவே தொடாதீர்கள். முதல் சில தடவை இன்னொரு துண்டு கேட்கும். 'நாளை மறுநாள் மறுபடி உண்டு' என்பது உறுதியானால் அந்த வேகம் மெல்லத் தணியும். இந்த முறை பலிக்காமல் போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: முதல் இரண்டு வாரத்தைத் தாண்டிக் குதித்து, அரைப்பட்டினியோடு சாக்லேட்டுக்குப் போய்விடுவார்கள்.

நிறுத்த முடியாமல் சாப்பிடுவது வாரம் ஒரு முறையாவது வந்து, மூன்று மாதம் நீடித்தால் அதற்குச் சிகிச்சை உண்டு. மனநல மருத்துவரைப் பாருங்கள். சாப்பிட்டதை வாந்தியெடுக்கும் பழக்கமோ, பேதி மாத்திரை போடும் பழக்கமோ இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

நல்ல எண்ணெய், பாதாம் போன்ற கொட்டைகள் என்று ஆரோக்கியமானவற்றைத்தான் சாப்பிடுகிறேன். எடை அசையவில்லையே?

நல்லதுதான், ஆனால் கொழுப்பு எதில் இருந்தாலும் கிராமுக்கு 9 கலோரி. 15 மில்லி எண்ணெய் 120 கலோரி. 30 கிராம் கொட்டைகள் சுமார் 170. கண் அளவு இங்கேதான் ஏமாற்றும். ஒரு வாரம் மட்டும் கரண்டியாலும் தராசாலும் அளந்து பழகுங்கள். அப்புறம் தராசை உள்ளே வைத்துவிடுங்கள். ஆயுளுக்கும் அளந்துகொண்டிருக்க வேண்டியதில்லை.

இரவு பத்து மணிக்கு மேல்தான் எதையாவது கொறிக்கத் தோன்றுகிறது. இது பசியா, ஆசையா?

'ஒரு வேகவைத்த முட்டை கொடுத்தால் தின்பேனா?' என்று கேட்டுப் பாருங்கள். தின்பேன் என்றால் பசி. சாப்பிடுங்கள், மறுநாள் மதியச் சாப்பாட்டைக் கூட்டுங்கள். பிஸ்கட்தான் வேண்டும் என்றால் பெரும்பாலும் அலுப்பு, அல்லது தூக்கம். தூக்கம் குறைந்தாலே பசி கூடும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கு இந்தக் கேள்வி பொருந்தாது. கை நடுங்கி, வியர்த்துப் பசித்தால் ரத்தச் சர்க்கரை இறங்கியிருக்கலாம். யோசிக்காமல் உடனே சர்க்கரை சாப்பிட்டுவிட்டு, மருந்தின் அளவைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.