மஞ்சள் லைட் எரியுது, எதை மாத்தணும்? – கார் கேள்வி பதில்

டேஷ்போர்டுல மஞ்சளா எரியுற செக் என்ஜின் லைட் பத்தி கேட்டு வந்த கடிதங்கள் சேர்ந்துக்கிட்டே இருக்கு, அதனால இந்த தடவை மத்த கேள்வியெல்லாம் ஓரமா வெச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன். டயர் பத்தி கேட்டவங்க கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

கே: என்கிட்ட இருக்கிறது 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 78,000 கி.மீ ஓடிருக்கு. செக் என்ஜின் லைட் வந்துச்சு, பக்கத்து ஒர்க்‌ஷாப்ல ஸ்கேனர் போட்டாங்க, பி0171னு ஒரு கோளாறு கோடு (code) வந்துச்சு, ஆக்சிஜன் சென்சர் போயிடுச்சுன்னு 5,800 ரூபாய்க்கு மாத்திக் கொடுத்தாங்க. ஒரு வாரம் கூட ஆகல, திரும்ப லைட். இப்போ ஃப்யூல் பம்ப்னு சொல்றாங்க. நானே ஒரு ப்ளூடூத் ஸ்கேனர் வாங்கி போன்ல பார்த்தேன், லாங் டெர்ம் ஃப்யூல் ட்ரிம்னு ஒண்ணு ஐடில்ல (வண்டி நின்னு என்ஜின் மட்டும் சும்மா ஓடும்போது) ப்ளஸ் 22 காட்டுது, ரேஸ் பண்ணா 6க்கு இறங்குது. பம்ப் மாத்திடலாமா சார்?
– வாசகர், மதுரை

ப: மாத்தாதீங்க. நீங்க அனுப்பின அந்த ரெண்டு நம்பரே பம்ப் மேல தப்பு இல்லைன்னு கிட்டத்தட்ட சொல்லிடுது, எப்படின்னு சொல்றேன்.

முதல்ல பி0171னா என்னன்னு பார்ப்போம். என்ஜினுக்குள்ள காத்து அதிகமாவும் பெட்ரோல் கம்மியாவும் போகுது, அவ்வளவுதான் அதோட அர்த்தம். இதை என்ஜினை கட்டுப்படுத்துற கம்ப்யூட்டருக்கு சொன்னது யாருன்னா அதே ஆக்சிஜன் சென்சர்தான். காய்ச்சல் 102னு காட்டுச்சுன்னு தெர்மாமீட்டரை தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கின கதை இது. சென்சரே கெட்டா அதுக்குன்னு பி0130லேர்ந்து தனி கோடு வரிசையே இருக்கு. ஸ்கேனர்ல வர்ற கோடு எந்த டெஸ்ட்ல வண்டி ஃபெயில் ஆச்சுன்னு மட்டும்தான் சொல்லும், எந்த பார்ட்டை வாங்கணும்னு எந்த கோடும் சொல்லாது, ஆனா நம்ம ஊர்ல நிறைய இடத்துல கோடை கூகுள்ல அடிச்சு முதல்ல வர்ற பார்ட்டை பில்லுல ஏத்திடுறாங்க.

இப்போ உங்க 22. பெட்ரோல் என்ஜினுக்கு ஒரு கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காத்து வேணும். ஆக்சிஜன் சென்சர் சைலன்சர் பக்கம் உக்காந்து மிச்சம் எவ்வளவு ஆக்சிஜன் வருதுன்னு பார்த்து சொல்லும், கம்ப்யூட்டர் அதுக்கேத்த மாதிரி பெட்ரோலை கூட்டும் குறைக்கும். அந்தக் கணக்குதான் ஃப்யூல் ட்ரிம், சதவீதத்துல காட்டும், ப்ளஸ்னா பெட்ரோலை கூட்டுதுன்னு அர்த்தம். ப்ளஸ் மைனஸ் 10க்குள்ள இருந்தா கவலையில்ல, 20, 25னு போனா கம்ப்யூட்டர் "என்னால இதுக்கு மேல சமாளிக்க முடியல"ன்னு லைட்டை போட்டுடும்.

உங்களுக்கு ஐடில்ல 22, ரேஸ் பண்ணா 6. இதுல தான் விஷயமே இருக்கு. ஐடில்ல த்ராட்டில் (காத்து போற வழியில இருக்கிற கதவு) மூடியிருக்கும், மேனிஃபோல்டுக்குள்ள (காத்தை சிலிண்டர்களுக்கு பிரிச்சு அனுப்புற குழாய்) வேக்கம் பலமா இருக்கும், என்ஜினுக்கு தேவையான காத்தும் ரொம்ப கொஞ்சம், அதனால எங்கயாவது ஒரு ஹோஸ் விரிசல் விட்டு கணக்குல வராத காத்து உள்ள போனா அது பெரிய பங்கா தெரியும். 2,500 ஆர்பிஎம்ல மொத்த காத்து பல மடங்கு ஆயிடும், விரிசல் வழியா வர்றது அதுல கரைஞ்சு போயிடும். பம்ப் வீக்கா இருந்தா இதுக்கு நேர் எதிரா நடக்கும், ஐடில்ல ஒழுங்கா இருக்கும், பைபாஸ்ல ஏத்தம் ஏறும்போது, ஓவர்டேக் பண்ணும்போது பெட்ரோல் பத்தாம ட்ரிம் ஏறும், இழுவையும் இருக்காது.

அதனால தேட வேண்டியது ஏர் லீக். பிசிவி வால்வு (என்ஜினுக்குள்ள சேர்ற வாயுவை இன்டேக்குக்கு திருப்புற வால்வு) ஹோஸ், பிரேக் பூஸ்டருக்கு போற தடி ஹோஸ், இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட், இந்த மூணும் முதல்ல. பத்து வருஷம் என்ஜின் சூட்டுல வெந்த ரப்பர் வெளியில நல்லாத்தான் தெரியும், வளைச்சுப் பார்த்தா அடியில வாய் பிளந்திருக்கும். ஸ்மோக் டெஸ்ட் மெஷின் இருக்கிற ஒர்க்‌ஷாப்ல கேளுங்க, புகையை உள்ள விட்டா லீக் இருக்கிற இடத்துல வெளிய வரும். கார்ப் க்ளீனர் ஸ்ப்ரே அடிச்சு ஆர்பிஎம் ஏறுதான்னு பார்க்கிற பழைய முறையும் இருக்கு, சூடான என்ஜின் மேல அது தீப்பிடிக்கிற சமாச்சாரம், வீட்டு போர்ட்டிகோல வெச்சு நீங்க பண்ணாதீங்க.

ஒரு விஷயம் மட்டும் செக் பண்ணிக்கோங்க. மேலே சொன்ன கணக்கெல்லாம் ஏர் ஃபில்டர் பைப்ல உள்ள போற காத்தை அளக்கிற மாஸ் ஏர் ஃப்ளோ சென்சர் இருக்கிற வண்டிக்கு. நம்ம ஊர் சின்ன கார்கள்ல நிறையாவுல அது கிடையாது, மேனிஃபோல்டு பிரஷரை அளக்கிற மேப் சென்சர்தான் இருக்கும். அந்த வண்டியில ஏர் லீக் ஆனா மேப் சென்சரே அந்த காத்தையும் சேர்த்துப் பார்த்துடும், பெரும்பாலும் ட்ரிம் இவ்வளவு ஏறாது, ஐடில்தான் ஏறும். உங்களோடது மேப் வண்டின்னா, அதுல ஐடில்ல மட்டும் ட்ரிம் ஏறுதுன்னா, ஆக்சிஜன் சென்சருக்கு முன்னாடி சைலன்சர் ஜாயின்ட்ல லீக் இருக்கான்னு பாருங்க, அதுவழியா வெளிக்காத்து உறிஞ்சி சென்சரை ஏமாத்தும். சென்சரை கழட்டி மாட்டின கை அந்த இடத்தை ஒழுங்கா டைட் பண்ணுச்சான்னும் ஒரு பார்வை பாருங்க.

எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் தான் காரணமான்னு அடுத்து கேப்பீங்க. எத்தனால்லயே ஆக்சிஜன் இருக்கு, அதனால கம்ப்யூட்டர் சில சதவீதம் பெட்ரோலை கூட்டத்தான் செய்யும், ஏற்கனவே லீக் இருக்கிற வண்டியை எல்லைக்கு மேல தள்ளி விடவும் செய்யும். அதுக்காக அது மட்டுமே 22க்கு கொண்டு போகாது, அதுவும் ஐடில்ல மட்டும்.

கே: வாட்டர் வாஷ் கொடுத்துட்டு வந்தேன், வழியிலயே வண்டி தூக்கித் தூக்கி அடிக்க ஆரம்பிச்சு, செக் என்ஜின் லைட் விட்டு விட்டு எரியுது. வீட்டுக்கு 12 கி.மீ ஓட்டிட்டே வந்துட்டேன். ஒண்ணும் ஆகாதுல்ல?
– வாசகர், சேலம்

ப: லைட் நிலையா எரியுறதும் மினுக் மினுக்குன்னு அடிக்கிறதும் ஒண்ணு இல்லைங்க. நிலையா எரிஞ்சா, வண்டி நல்லா ஓடுதுன்னா, ரெண்டு மூணு நாள்ல காட்டினா போதும். மினுக்கினா ஏதோ ஒரு சிலிண்டர்ல மிஸ்ஸிங், எரியாத பெட்ரோல் அப்படியே புகையை சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள்ள போய் அங்க எரியும், உள்ள இருக்கிற தேன்கூடு செராமிக் உருகிப் போயிடும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசின சாமான் அது, விலை கேட்டா கண்ணு கலங்கும். அதனால மினுக்கினா ஆக்சிலேட்டரை விட்டுட்டு ஓரம் கட்டணும், ஓட்டியே தீரணும்னா மெதுவா, பக்கத்துல இருக்கிற மெக்கானிக் வரைக்கும் மட்டும்.

இனிமே மறக்காம இருக்க இன்னொண்ணும் சொல்லிடுறேன், சிவப்புல ஆயில் லைட்டோ டெம்பரேச்சர் லைட்டோ வந்தா அந்த ரெண்டு மூணு நாள் கணக்கெல்லாம் கிடையாது, பாதுகாப்பா நிறுத்த இடம் கிடைச்ச உடனே என்ஜின் ஆஃப்.

உங்க கேஸ்ல என்ஜின் மேல ப்ரெஷரா தண்ணி அடிச்சிருப்பாங்க, ப்ளக் குழிக்குள்ள தண்ணி நின்னிருக்கும், காயில்ல இருந்து வர்ற கரண்ட் ப்ளக்குக்கு போகாம தண்ணி வழியா பாடிக்கு ஓடிடும். காயிலை கழட்டி, குழியை ஏர் அடிச்சு காய வெச்சு, காயிலோட ரப்பர் பூட்டையும் துடைச்சுட்டு மாட்டினா பல தடவை அதோட சரியாயிடும். ஆகலைன்னா கோடு பாருங்க. பி0302னா ரெண்டாவது சிலிண்டர். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி காயில் இருக்கிற வண்டின்னா ரெண்டாவது காயிலை மூணாவதுல மாட்டுங்க, மூணாவதோடதை ரெண்டுல மாட்டுங்க. கோடு பி0303ன்னு மாறினா காயில்தான் திருடன். மாறாம பி0302லயே நின்னா அடுத்து ப்ளக்கை இதே மாதிரி இடம் மாத்துங்க, அதுக்கும் அசையலைன்னா இன்ஜெக்டர், கம்ப்ரஷன்னு போகணும். ஒரு ரூபாய் செலவில்லாம பண்ற டெஸ்ட் இது, இதைப் பண்ணாம நாலு காயிலையும் மாத்தச் சொன்னா வேற கடை பாருங்க.

கே: பேட்டரி டெர்மினலை பத்து நிமிஷம் கழட்டி வெச்சா லைட் போயிடுதே அண்ணே, அப்புறம் எதுக்கு ஸ்கேனர்?
– வாசகர், தேனி

ப: போயிடும், கூடவே ஃப்ரீஸ் ஃப்ரேமும் போயிடும். தப்பு நடந்த அந்த நொடியில என்ன ஸ்பீடு, என்ஜின் சூடு எவ்வளவு, லோடு எவ்வளவுன்னு கம்ப்யூட்டர் ஒரு போட்டோ மாதிரி எடுத்து வெச்சிருக்கும், மெக்கானிக்குக்கு அதைவிட பெரிய உதவி கிடையாது, நீங்க அதை அழிச்சுட்டு போய் "எப்பவாச்சும் வருது சார்"னு சொன்னா அவர் என்னதான் பண்ணுவார். நிறைய தப்புகளுக்கு அடுத்தடுத்து ரெண்டு ஓட்டத்துல (ஸ்டார்ட் பண்ணி ஓட்டி நிறுத்தினா ஒரு ஓட்டம்) பார்த்தாத்தான் லைட்டே வரும், அதே மாதிரி தப்பு நிஜமாவே சரியாயிட்டா மூணு ஓட்டம் சுத்தமா இருந்ததும் லைட் தானா அணையும். டெர்மினலைத் தொடாம விட்டுடுங்க.

கே: சென்னையில ஓட்டுற பிஎஸ்6 டீசல் எஸ்யூவி. தினமும் வீடு டு ஆபீஸ் 6 கி.மீ. டிபிஎஃப் (டீசல் புகையில வர்ற கரியைப் பிடிக்கிற ஃபில்டர்) லைட் வந்து, கவனிக்காம விட்டதுல செக் என்ஜினும் சேர்ந்து எரியுது, பிக்கப்பே இல்ல. ஒருத்தர் டிபிஎஃப்பை எடுத்துட்டு ரீமேப் பண்ணி (கம்ப்யூட்டர் ப்ரோகிராமை மாத்தி) தர்றேன்னு சொல்றார். பண்ணலாமா?
– வாசகி, வேளச்சேரி

ப: வேண்டாம்மா. சட்டப்படி தப்பு, வாரன்டியும் போகும்.

வண்டி மேலயும் குத்தம் இல்ல, உங்க மேலயும் இல்ல, அந்த 6 கி.மீ மேலதான். டிபிஎஃப் டீசல் கரியை பிடிச்சு வெச்சுக்கும், அப்பப்போ சுமார் 600 டிகிரிக்கு சூடாக்கி எரிச்சு வாயுவா வெளிய அனுப்பிடும். அதுக்கு வண்டி ஒரே சீரா ஓடணும். சிக்னலுக்கு சிக்னல் நின்னு ஆறு கிலோமீட்டர்ல சாவியை எடுத்தா எரிக்கிற வேலை பாதியிலயே நிக்கும், திரும்பத் திரும்ப இப்படி ஆனா கரியும் சேரும், அதுக்குன்னு கூடுதலா அடிச்ச டீசல் என்ஜின் ஆயில்ல இறங்கி டிப்ஸ்டிக்ல லெவல் ஏறியிருக்கும். அதை ஒரு தடவை பார்த்துடுங்க, மேக்ஸ் கோட்டுக்கு மேல போயிருந்தா ஆயில் மாத்தாம ஓட்டக் கூடாது.

டிபிஎஃப் லைட் மட்டும் வந்தப்பவே ஜிஎஸ்டி ரோடு பிடிச்சு செங்கல்பட்டு தாண்டி ஒரு 20, 30 நிமிஷம் 60, 70ல, ஆர்பிஎம் 2,000க்கு குறையாம, தேவைன்னா ஒரு கியர் கம்மியா வெச்சு ஓட்டியிருந்தா அதுவே அணைஞ்சிருக்கும். இப்போ பிக்கப்பே போயிடுச்சுங்கறீங்க, வண்டி தன்னைத்தானே காப்பாத்திக்க பவரை குறைச்சுடுச்சு, ஹைவே வைத்தியம் இனி உதவாது. சர்வீஸ் சென்டர்ல ஸ்கேனர் வழியா ஃபோர்ஸ்டு ரீஜென், அதாவது கரியை வலுக்கட்டாயமா எரிக்கிற வேலை, பண்ணச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி டிபிஎஃப் பிரஷர் சென்சருக்கு போற ரெண்டு குட்டி ஹோஸையும் பார்க்கச் சொல்லுங்க, அது விட்டுப் போனாலும் அடைச்சாலும் தப்பான அளவுதான் காட்டும், புது டிபிஎஃப் போடணும்னு எஸ்டிமேட் கொடுக்கிறதுக்கு முன்னாடி இதைக் கேட்டே ஆகணும். ஆயில் மேனுவல்ல போட்டிருக்கிற டிபிஎஃப்புக்கான கிரேடாவே ஊத்தணும், மலிவா கிடைக்குதுன்னு வேற ஊத்தினா அதோட சாம்பல் உள்ளயே தங்கிடும், அதை எந்த ரீஜெனும் எரிக்காது.

கே: காலையில ஸ்டார்ட் பண்ணா ஒரே நேரத்துல ஆறு கோடு. த்ராட்டில், மேப், ஏசி பிரஷர்னு என்னென்னமோ. எல்லா சென்சரும் ஒரே ராத்திரியில போகுமா?
– வாசகர், கும்பகோணம்

ப: போகாது. சம்பந்தமில்லாத கோடு கும்பலா வந்தா பொதுவான ஒண்ணைத் தேடணும். பல சென்சருக்கு ஒரே 5 வோல்ட் லைன்தான் போகுது, அதுல ஒண்ணு பாடியில உரசி ஷார்ட் ஆனா அந்த லைன்ல இருக்கிற எல்லாமே கத்தும். பேட்டரி வோல்டேஜ் (வண்டி ஆஃப்ல 12.4க்கு மேல, ஓடும்போது பொதுவா 13.5லேர்ந்து 14.5), எர்த் வயர் போல்ட், அப்புறம் பானெட்டைத் திறந்து எலிப் புழுக்கை இருக்கான்னு பாருங்க. வயலோரமா நிறுத்துறவங்களுக்கு அனுபவம் இருக்கும், வயரிங் மேல சுத்தின டேப்பை கடிச்சு கூடு கட்டியிருக்கும். புகையிலை கட்டித் தொங்கவிடுறது, நாப்தலீன் உருண்டை, எல்லாம் ஜனங்க பண்றாங்க, எலி பழகிடும்ங்கிறதுதான் என் கருத்து. வயரை ஒட்டுப் போட்டு ஒழுங்கா சால்டர் பண்ணி ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடச் சொல்லுங்க, முறுக்கி டேப் சுத்தினா மழைக்காலத்துல திரும்ப வருவீங்க.

கே: பெட்ரோல் டேங்க் மூடியை டைட்டா மூடினா லைட் போயிடும்னு யூடியூப்ல சொல்றாங்களே?
– வாசகர், ஓசூர்

ப: அமெரிக்கா வண்டிக்கு சரி. அங்க 1996லேர்ந்து ஓபிடி 2 (வண்டி தன்னோட கோளாறை தானே கண்டுபிடிக்கிற சிஸ்டம்) கட்டாயம், டேங்க்ல இருந்து ஆவி கசியுதான்னும் வண்டி தானே டெஸ்ட் பண்ணும். நம்ம விதிமுறை ஐரோப்பாவை ஒட்டினது, அந்த கசிவு டெஸ்ட் கட்டாயமில்ல, அதனால இங்க மூடியை எவ்வளவு திருகினாலும் பெரும்பாலும் லைட் அப்படியேதான் இருக்கும்.

கே: செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போறேன். லைட்டை அழிச்சுட்டு விக்கிறாங்களான்னு எப்படி கண்டுபிடிக்கிறது?
– வாசகர், திருநெல்வேலி

ப: சாவியை ஆன்ல வைங்க, ஸ்டார்ட் பண்ணாதீங்க. செக் என்ஜின் லைட் எரியணும், ஸ்டார்ட் ஆனதும் அணையணும். சாவி ஆன்லயே எரியலைன்னா பல்பைக் கழட்டியிருக்காங்க இல்ல மேல டேப் ஒட்டியிருக்காங்க. அடுத்து ஸ்டியரிங்குக்கு கீழ 16 பின் சாக்கெட்ல ப்ளூடூத் ஸ்கேனரை செருகி, கோடு மட்டும் பார்க்காம ரெடினஸ் மானிட்டர்னு ஒரு பக்கம் இருக்கும், வண்டி தன்னோட டெஸ்டுகளை முடிச்சுதான்னு அது காட்டும், அதைத் திறங்க. நம்ம நாட்டுல பிஎஸ்4 வண்டிகளுக்கு ஓபிடி 2 2013 ஏப்ரல்ல இருந்து கட்டாயம், அதுக்கு அப்புறம் வந்த பிஎஸ்4, பிஎஸ்6 வண்டியில இது தெரியணும். கேட்டலிஸ்ட், ஆக்சிஜன் சென்சர்னு நாலஞ்சு ஐட்டம் "முடியல"ன்னு காட்டினா சமீபத்துல யாரோ அழிச்சிருக்காங்க, இல்ல பேட்டரி கழட்டியிருக்காங்க. பேட்டரி மாத்தினோம்னு சொல்லுவாங்க, பில்லைக் கேளுங்க. பில் இல்லைன்னா ஒரு வாரம் ஓட்டிட்டு கூப்பிடச் சொல்லிட்டு வந்துடுங்க.