பாலைவனப் பெட்டி வாங்கலாமா?

கேள்வி: டிப்ளமோ முடித்த என் மகன் வரும் மே மாதம் ராஜஸ்தானில் பலோடி அருகே ஒரு சூரிய மின் நிலையத்தில் வேலைக்குச் சேர்கிறான். ஆன்லைனில் 'பாலைவன உயிர்காப்புப் பெட்டி' ஒன்றை 32,000 ரூபாய்க்கு விற்கிறார்கள். பாம்புக்கடி விஷத்தை உறிஞ்சும் கருவி, உப்பு மாத்திரை, சிக்னல் இல்லாத இடத்திலும் செய்தி அனுப்பும் செயற்கைக்கோள் கருவி எல்லாம் அதில் உண்டாம். வாங்கிக் கொடுக்கலாமா?
- வாசகி, கோத்தகிரி

பதில்: வேண்டாம் அம்மா. அரசு அனுமதி இல்லாமல் செயற்கைக்கோள் தொலைபேசி, செய்திக் கருவி போன்றவற்றை வைத்திருப்பது நம் நாட்டில் சட்டவிரோதம். இவற்றோடு வந்த வெளிநாட்டுப் பயணிகளே விமான நிலையங்களில் பிடிபட்டிருக்கிறார்கள். மேற்கு ராஜஸ்தானோ எல்லையோரப் பகுதி. அங்கே போலீசுக்குப் பதில் சொல்லப் போவது விற்றவர் அல்ல, உங்கள் மகன்.

உறிஞ்சும் கருவியால் பயன் இல்லை. தார் பாலைவனத்தில் அஞ்ச வேண்டிய பாம்பு சுருட்டை விரியன். கடிபட்டவரை நடக்க விடாமல், விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோக வேண்டும். கருவிக்குப் பதில் நல்ல டார்ச் வாங்குங்கள். காலையில் பூட்ஸைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போடச் சொல்லுங்கள், தேள் இருக்கும். உப்பு மாத்திரை வயிற்றைப் புரட்டும், அதுவும் வேண்டாம்.

உங்கள் மகனுக்கு உண்மையான ஆபத்து வெயில்தான். 2016 மே 19 அன்று பலோடியில் 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. கோத்தகிரியில் 28 டிகிரி அடித்தாலே நாம் புலம்புகிறோம். உடம்பு அந்தச் சூட்டுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் சில நாட்களில்தான் அதிகம் சுருண்டு விழுகிறார்கள். புதியவருக்கு முதல் நாள் வெயில் வேலை, வழக்கமான நேரத்தில் 20 சதவீதம் மட்டுமே. பிறகு நாளுக்கு 20 சதவீதமாகக் கூட்டலாம் என்பது அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரை. இது எந்தக் கடையிலும் கிடைக்காது. வேலையில் சேருமுன் நிறுவனத்திடம் கேட்டு வாங்க வேண்டியது. நிழல், குடிநீர், பாதுகாப்புக் காலணி ஆகியவற்றையும் அவர்களே தரட்டும். அவற்றுக்கு நீங்கள் ஏன் செலவு செய்ய வேண்டும்?

நீங்கள் வாங்க வேண்டியவை கொஞ்சம்தான். தொளதொளப்பான முழுக்கைப் பருத்திச் சட்டைகள், அகல விளிம்புத் தொப்பி, தலையிலும் கழுத்திலும் நனைத்துப் போட நீளமான துண்டு. பிளாஸ்டிக் பாட்டில் தடையால் நீலகிரியில் எல்லார் வீட்டிலும் ஸ்டீல் பாட்டில் இருக்கும். ஆனால் அரை லிட்டர் அங்கே எந்த மூலைக்கு? இரண்டு லிட்டர் கேன்களாக இரண்டு வாங்குங்கள். ஒன்று ஒழுகினால் மற்றொன்று உதவும். தாகத்துக்குக் காத்திருக்காமல் கால் மணி, இருபது நிமிடத்துக்கு ஒரு தம்ளர் குடிக்க வேண்டும். ஆனால் ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டரைத் தாண்டக் கூடாது. கூட இருப்பவர் பேச்சுக் குழறினால், தடுமாறினால் அது வெப்பத் தாக்கு. நிழலில் கிடத்தி உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். உடனே 112-ஐ அழைக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

டிசம்பர் இரவுகளில் அங்கே நல்ல குளிர் அடிக்கும். அதற்கு வீட்டு ஸ்வெட்டர் போதும்.

கேள்வி: மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். கேட்டால் பழச்சுவை பானம் தருகிறார்கள். இரண்டும் ஒன்றா?
- வாசகர், குன்னூர்

பதில்: இல்லை. பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற சொல்லே வரக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டுவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம். பொட்டலத்தைத் திருப்பி இதைப் பாருங்கள். பெரிய பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். குத்துமதிப்பாகப் பாதி போடக் கூடாது.

கேள்வி: ஜெய்சல்மேருக்கு ஜீப்பில் போகிறோம். டயர் மாற்ற வேண்டுமா?
- ஓட்டுநர், கூடலூர்

பதில்: டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. மலைச் சாலையில் தேய்ந்த பழைய டயரைச் சூட்டில் நம்பாதீர்கள். மணலில் காற்றைக் குறைத்து ஓட்ட வேண்டியிருக்கும் என்பதால் காற்று நிரப்பும் சிறு பம்பு அவசியம். ஜாக்கி மணலில் புதையாமல் இருக்க ஒரு பலகையும் கொண்டுபோங்கள். சிக்கிக்கொண்டால் வண்டியை விட்டு நடந்து போகாதீர்கள். தேடி வருபவர் கண்ணில் ஆளைவிட வண்டிதான் முதலில் படும்.

கேள்வி: 'எந்தத் தண்ணீரையும் குடிநீராக்கும்' என்ற விளம்பரத்தை நம்பி வடிகட்டிக் குழாய் வாங்கினேன். பாலைவனக் கிணற்று நீர் உப்பு கரிக்கவே செய்தது. விற்றவர் டெல்லியில் இருக்கிறார்.
- வாசகர், உதகை

பதில்: அந்தக் குழாய் கிருமிகளைத் தடுக்கலாம், நீரில் கரைந்த உப்பையும் புளோரைடையும் நீக்காது. விளம்பரம் தவறு. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். பணம் வராவிட்டால், 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். டெல்லிக்கு அலைய வேண்டாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் கிடையாது. பில்லோடு அந்த விளம்பரத்தையும் இன்றே படமெடுத்து வையுங்கள். புகார் போனதும் வாசகத்தை மாற்றிவிடுவார்கள்.