பக்கத்திலேயே ஒரு விடுமுறை: கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். ஒன்பது வயதில் ஒரு பெண், பதின்மூன்று வயதில் ஒரு பையன். மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார், அவருக்கு முழங்கால் வலி. போன விடுமுறையில் ஐந்து நாளில் நான்கு ஊர் சுற்றினோம். திரும்பி வந்தபோது, கிளம்பும் முன் இருந்ததைவிடக் களைப்பாக இருந்தோம். இந்த முறை வீட்டுக்குப் பக்கத்திலேயே ஏதாவது ஒரு கிராமத்தில் நான்கு நாள் சும்மா இருந்துவிட்டு வரலாம் என்று எனக்கு ஆசை. "இவ்வளவு பக்கத்துல போய் என்னத்தப் பார்க்கப் போறோம்?" என்கிறார் கணவர். போர் அடிக்கிறது என்று பிள்ளைகள் ஆரம்பித்துவிட்டால் என்ன செய்வது? இதற்கெல்லாம் எப்படித் திட்டம் போடுவது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் ஆசைதான் சரி. போய் வாருங்கள்.

உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு ஆய்வைச் சொல்லுங்கள். நெதர்லாந்தில் 1,530 பேரை வைத்து நடந்து 2010இல் வெளிவந்தது. விடுமுறைக்குக் கிளம்பப் போகிறவர்கள், எங்கும் போகாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள், அது எதிர்பார்ப்பு தரும் மகிழ்ச்சி. ஆனால் திரும்பி வந்த பிறகு இரண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மிகவும் நிம்மதியாகக் கழிந்தது என்று சொன்னவர்களுக்கு மட்டும்தான் அந்த மகிழ்ச்சி வந்த பின்னும் நீடித்தது. அதனால் எத்தனை இடம் பார்த்தோம் என்பதைவிட எவ்வளவு நிம்மதியாக இருந்தோம் என்பதைத்தான் இந்த நான்கு நாளுக்கு அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டும்.

தூரம் இரண்டு மணி நேரத்துக்குள் இருக்கட்டும். போக எட்டு மணி நேரம், வர எட்டு மணி நேரம் என்றால் நான்கு நாளில் இரண்டு நாள் வண்டியிலேயே போய்விடும், முழங்கால் வலிக்காரருக்கு அதைவிடக் கொடுமை வேறு இல்லை. பக்கத்தில் என்றால் காலைச் சாப்பாடு முடித்துவிட்டு நிதானமாகக் கிளம்பலாம், ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பதறாமல் திரும்பலாம். இன்னொன்றும் இருக்கிறது. விடுமுறையில் கிடைத்த தெம்பு, வேலைக்குத் திரும்பிய ஒரு வாரத்திலேயே பெரும்பாலும் கரைந்துவிடுகிறது என்று இதைத் தொடர்ந்து ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் வருடம் முழுக்கச் சேர்த்து ஒரே பெரிய பயணமாகப் போவதைவிட, சின்னச் சின்னதாக இரண்டு மூன்று முறை போவது புத்திசாலித்தனம். பக்கத்து ஊர் என்றால்தான் அது நடக்கும்.

ஒரே வீட்டில் தங்குங்கள், நடுவில் மாற்றாதீர்கள். புது இடத்தில் முதல் நாள் இரவு சரியாகத் தூக்கம் வராது என்பது எல்லோருக்கும் தெரியும். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் 2016இல் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். அந்த முதல் இரவில் மூளையின் இடது பாதி, வலது பாதி அளவுக்கு ஆழ்ந்து தூங்குவதில்லை. புது இடம் என்பதால் ஒரு பாதி காவல் இருக்கிறது. போன விடுமுறையில் ஐந்து நாளில் நான்கு ஊர் போனீர்களே, ஏறக்குறைய ஒவ்வொரு இரவும் உங்களுக்கு முதல் இரவுதான். களைப்பு வராமல் என்ன செய்யும்? அதனால் இந்த முறை முதல் இரவு புரண்டு புரண்டு படுத்தால் இடம் சரியில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள், மறுநாள் காலைக்கு எந்தத் திட்டமும் வைக்காதீர்கள்.

வீட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது? வாசலைத் தாண்டினால் பெரிய சாலையைக் கடக்காமல் காலாற நடக்க ஒரு பாதை இருக்க வேண்டும். இது ஒன்று இல்லையென்றால் வேறு எத்தனை வசதி இருந்தாலும் வேண்டாம் என்பேன், ஏனென்றால் எதற்கெடுத்தாலும் வண்டியை எடுக்க வேண்டி வரும். விளம்பரப் படங்களில் கட்டிலும் ஜன்னல் திரையும்தான் அழகாகத் தெரியும். அந்த வீட்டின் உரிமையாளரிடம், வாசலில் நின்று ஒரு சுற்று திரும்பி செல்போனில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பக்கத்தில் கட்டுமான வேலை நடக்கிறதா, லாரி போகும் சாலை எவ்வளவு நெருக்கம் என்பதெல்லாம் அந்த அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். அக்கம்பக்கத்தில் விழா, ஒலிபெருக்கி ஏதாவது அந்தத் தேதியில் உண்டா என்றும் நேராகவே கேளுங்கள். தண்ணீர் நாள் முழுக்க வருமா, பக்கத்தில் மருத்துவர் எங்கே, செல்போன் சிக்னல் எங்கே கிடைக்கும் என்பதையும் அதோடு கேட்டுக்கொள்ளலாம்.

உங்கள் மாமியாருக்காகத் தனியாகக் கேட்க வேண்டியவை சில. வண்டி நிற்கும் இடத்திலிருந்து படுக்கை வரை எத்தனை படி? கழிப்பறையில் பிடித்து எழ ஏதாவது இருக்கிறதா? முக்கியமாக, வெளியில் உட்காரக் கைப்பிடி வைத்த, கொஞ்சம் உயரமான நாற்காலி இருக்கிறதா? இதைப் பலரும் கவனிப்பதில்லை. தாழ்வான சாய்வு நாற்காலி படத்தில் நன்றாக இருக்கும், ஆனால் முழங்கால் வலி உள்ளவர் அதில் ஒருமுறை உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். அப்புறம் யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று அவர் அறையிலேயே இருந்துவிடுவார். சரியான நாற்காலி இல்லையென்றால் வீட்டிலிருந்தே ஒன்றை வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். பக்கத்தில் போவதில் இப்படி ஒரு சௌகரியமும் இருக்கிறது.

சமையல் யார் பொறுப்பு? நீங்கள் எழுதவில்லை, நானே கேட்கிறேன். அங்கேயும் நீங்கள்தான் மூன்று வேளையும் அடுப்படியில் நிற்கப் போகிறீர்கள் என்றால் உங்களைத் தவிர மற்ற எல்லோருக்கும்தான் அது விடுமுறை. சாப்பாடு தரும் வீடாகப் பாருங்கள், இல்லையென்றால் யார் எந்த வேளை என்று கிளம்பும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். பதின்மூன்று வயதுப் பையனுக்கும் ஒரு வேளை கொடுங்கள்.

பிள்ளைகளுக்கு முதல் நாள் போர் அடிக்கும். அடிக்கட்டும். உடனே எதையாவது ஏற்பாடு செய்து நிரப்பாதீர்கள், கொஞ்ச நேரத்தில் அவர்களே ஏதாவது கண்டுபிடிப்பார்கள். குளம், கிணறு இருந்தால் மட்டும் பெரியவர் இல்லாமல் போகக் கூடாது என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். இருட்டிய பின் கையில் டார்ச், காலில் செருப்பு. இரவுக்கு ஒரு விஷயம் சொல்கிறேன், இதற்காகவே தேதியை அமாவாசையை ஒட்டி வைக்கலாம். கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். அதுவரை யாரும் செல்போனைத் தொடக் கூடாது, ஒரு தடவை பார்த்தாலும் மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். வானம் தெளிவாக இருந்து, நகர வெளிச்சமும் எட்டாத இடமாக இருந்தால் நீங்கள் வீட்டு மொட்டை மாடியில் பார்த்த வானமா இது என்று இருக்கும். அந்த மாதம் மாலையில் வியாழன் தெரிகிறதா என்று ஒரு செயலியில் பார்த்துக்கொண்டு, சாதாரண பைனாகுலர் ஒன்றையும் எடுத்துப் போங்கள். கை ஆடாமல் சுவரில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் வியாழனுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் ஒரே வரிசையில் தெரியும். 1610இல் கலிலியோ பார்த்த அதே நான்கு நிலாக்கள்தான். எந்தப் புள்ளி எந்தப் பக்கம் என்று பெண்ணை ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். அடுத்த இரவு மறுபடி வரைந்தால் இடம் மாறியிருக்கும், சில சமயம் ஒன்று காணாமலே போயிருக்கும். அதில் ஒன்று வியாழனை இரண்டு நாளுக்குள் ஒரு சுற்று சுற்றிவிடுகிறது. அதைத் தானே கண்டுபிடிக்கிற பிள்ளை அப்புறம் போர் என்று சொல்லாது.

பக்கத்து ஊர் விடுமுறையில் ஒரே ஒரு ஆபத்து உண்டு. "பக்கத்துலதானே இருக்கீங்க, ஒரு எட்டு வந்துட்டுப் போங்களேன்" என்று யாராவது கூப்பிடுவார்கள். அலுவலகமும் கூப்பிடும், உறவுக்காரரும் கூப்பிடுவார்கள். ஊரில் இல்லை என்று மட்டும் சொல்லுங்கள், எந்த ஊர் என்று சொல்லவே வேண்டாம். வேலையை ஒப்படைப்பதைக் கிளம்பும் நாளில் செய்யாமல் முந்தின நாளே முடித்துவிட்டால் முதல் நாள் உங்களுக்கு முழுதாக மிஞ்சும்.

உங்கள் வீட்டுக்காரருக்கும் ஒரு நாள் கொடுங்கள். மூன்றாம் நாள் என்று வைத்துக்கொள்ளலாம். அரை மணி நேரத் தொலைவுக்குள் அவருக்குப் பிடித்த ஓர் இடத்துக்கு அவர் கூட்டிப் போகட்டும், பகல் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. வர விருப்பமில்லாதவர் வீட்டில் இருக்கலாம். நான்காம் நாள் மதியமே வீடு திரும்புங்கள். துணியைத் துவைக்கப் போட்டுவிட்டு, மாலை சும்மா இருந்துவிட்டு, மறுநாள் வேலைக்குப் போகலாம்.

போய் வந்து எழுதுங்கள். முக்கியமாக, மாமியாருக்கு அந்த இடம் எப்படி இருந்தது என்று அவரிடமே கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்.