கஞ்சாவ விடு தம்பி, அந்த மாத்திரை அட்டைய காட்டு

அம்மாப்பேட்டை தம்பி ஒருத்தர் கேட்டிருக்காரு, செப்டம்பர்ல ஒண்டாரியோ காலேஜுக்கு போறாராம். அங்க கஞ்சா லீகலாமே, சும்மா ஒரு தடவை ட்ரை பண்ணா விசாவுக்கு பிரச்சனை வருமா, அம்மா அத நெனச்சே பயப்படறாங்க என்ன சொல்லி சமாளிக்கறது, போன வருஷம் பைக்ல விழுந்ததுல இருந்து முதுகு வலி, அதுக்கு டாக்டர் எழுதின ட்ரமடால் மாத்திரைய ஆறு மாசத்துக்கு மொத்தமா வாங்கிட்டு போலாமா, ரூம் வாடகை எவ்ளோ, ஜாக்கெட் சேலத்துலயே எடுத்துடலாமா. இவ்ளோதான் கேள்வி.

வாடகையும் ஜாக்கெட்டும் சொல்றதுக்கு யூடியூப்ல நூறு பேர் இருக்காங்க கண்ணு, வந்து ஆறு மாசம் ஆகாதவன் எல்லாம் பனில நின்னுகிட்டு அட்வைஸ் பண்றான், அங்க பாத்துக்கோ. கஞ்சாவுக்கு வேகமா பதில் சொல்லிடறேன். ஆனா மாத்திரைய போய் ஜாக்கெட்டோட சேத்து ஒரே மூச்சுல கேட்டிருக்க பாரு, அதுக்குதான் லீவுல வந்த இடத்துல அம்மா வீட்டு திண்ணைல உக்காந்து இவ்ளோ நீளமா டைப் பண்றேன்.

கஞ்சா. கனடால 2018 அக்டோபர் 17ல இருந்து லீகல். ஒண்டாரியோல 19 வயசு ஆயிருக்கணும், க்யூபெக்ல 21. வெளிய போறப்ப 30 கிராம் வரைக்கும் வச்சிருக்கலாம், ஒண்டாரியோல வீட்டுக்கு நாலு செடி வளக்கலாம். எங்க வீட்டு பக்கத்து பிளாசால ஒரு கடை டென்டிஸ்ட்டுக்கும் பீட்சா கடைக்கும் நடுவுல இருக்கு, கண்ணாடி கதவு, உள்ள நுழையறப்பவே ஐடி கேப்பாங்க, நகைக்கடை மாதிரி லைட்டு. உங்கம்மா நெனைக்கற மாதிரி தெருவுல யாரும் கைய புடிச்சி இழுக்க மாட்டாங்க. நாத்தம் மட்டும் பஸ் ஸ்டாப் வரைக்கும் வரும், அது பழகிடும்.

ட்ரை பண்றதுக்கு விசா போகாது. எதுக்கு போகும்னா, அத இழுத்துட்டு வண்டி ஓட்டினா. 2018 டிசம்பர்ல இருந்து போதைல ஓட்டறதுக்கு அதிகபட்ச தண்டனைய பத்து வருஷமா ஏத்திட்டாங்க, அதனால இமிக்ரேஷன் சட்டத்துல அது பெரிய குற்றம்ங்கற கணக்குல விழுந்துடுச்சு, பிஆர் வாங்கி நிரந்தரமா தங்கினவனையே திருப்பி அனுப்பலாம், ஸ்டூடண்ட் எம்மாத்திரம். அதுலயும் புதுசா ஓட்டறவங்களுக்கு கொடுக்கற ஜி1, ஜி2 லைசென்ஸ் வச்சிருந்தா ஒரு சொட்டு கூட உடம்புல இருக்க கூடாது. நம்ம பசங்க முக்கால்வாசி பேர் ஜி2லயே ஊபர் ஈட்ஸ் ஓட்டறவங்கதான். ரெண்டாவது, பார்டர். நயாகரா பாக்க போய் அப்படியே அமெரிக்கா பக்கம் எட்டி பாக்கலாம்னு தோணும். அங்க கொலராடோ, கலிஃபோர்னியானு மாநிலம் மாநிலமா லீகல் ஆக்கினாலும் சென்ட்ரல் சட்டத்துல இன்னும் தப்புதான், ஆபீசர் கேட்டு நீ ஆமா அடிச்சிருக்கேன்னு சொன்னாலே உள்ள விடாம பண்ண முடியும். பாக்கெட்ல வச்சிகிட்டு எந்த பக்கம் தாண்டினாலும் குற்றம். மூணாவது, கம்மீஸ், சாக்லேட்டுனு வரும், ஒரு பாக்கெட்ல போதை சரக்கு 10 மில்லிகிராம்தான் இருக்கலாம், ஆனா ஏற ரெண்டு மணி நேரம் கூட ஆகும். ஒண்ணுமே ஆகலையேனு இன்னொண்ணு தின்னுட்டு நடுராத்திரி நெஞ்சு படபடனு எமர்ஜென்சில போய் உக்காந்த பசங்கள எனக்கு தெரியும். குடும்பத்துல யாருக்காவது மனநிலை சம்பந்தமா வியாதி இருந்திருந்தா கிட்டயே போகாத.

அவ்ளோதான் கஞ்சா. அடினும் சொல்லல, அடிக்காதனும் சொல்லல, உனக்கு வயசு ஆச்சு. இத பத்தி அதிகமா பொங்கறது யாருனு பாத்தா வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேஸ்மென்ட்ல ஸ்காட்ச் பாட்டில தொறந்து வச்சிகிட்டு "இந்த தேசம் கெட்டு போச்சு"னு பேசற நம்ம அங்கிள்ஸ்தான். எனக்கு அவங்கள பாத்தா சிரிப்புதான் வரும்.

சரி, இப்ப அட்டைய எடு.

நான் ஏற்காடு, நாகலூர் பக்கம். அப்பா எஸ்டேட்ல கணக்குப்பிள்ளை, ரிட்டையர் ஆனதும் கீழ அஸ்தம்பட்டி வந்துட்டாங்க. கல்யாணம் ஆகி 2011 ஜனவரில டொராண்டோ இறங்கினோம், ஸ்கார்பரோல ஒரு பேஸ்மென்ட், ஜன்னல் தரைக்கு சமமா இருக்கும், பனி விழுந்தா அதுவும் மூடிக்கும். ஏற்காட்டு குளிர்ல வளந்தவதானேன்னு ஒரு திமிர்ல போனேன், அது குளிரே இல்லனு ஏர்போர்ட் வாசல்லயே தெரிஞ்சுடுச்சு. எங்க வீட்டுக்காரர் இங்க பி.இ மெக்கானிக்கல், அங்க மிசிசாகால ஒரு வேர்ஹவுஸ்ல ட்ரெய்லர்ல இருந்து பொட்டி இறக்கற வேலை. ரெண்டாவது குளிர்காலத்துல முதுகு புடிச்சிகிச்சு. சூப்பர்வைசர், அவனும் நம்மூர் பக்கத்து ஆளுதான், "ரிப்போர்ட் எல்லாம் பண்ணாத, ஷிஃப்ட் குறைச்சுடுவாங்க"ன்னான். வாக்-இன் கிளினிக்ல மூணு மணி நேரம் உக்கார வச்சு மூணே நிமிஷம் பாத்து பெர்கோசெட் எழுதி கொடுத்தாங்க.

பெர்கோசெட்னா ஆக்சிகோடோனும் பாராசிட்டமாலும் சேந்தது. ஓபியாய்டு, அபின் குடும்பம். முத மாத்திரை போட்ட அன்னைக்கு ராத்திரி அவர் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு, "வலி போறது இருக்கட்டும்டி, மனசே லேசா இருக்கு, ஊர்ல இருக்கற மாதிரி இருக்கு"ன்னாரு. வலி மாத்திரை போட்டவர் வலிய பத்தி பேசாம ஊர பத்தி பேசறாரேனு எனக்கு அங்கயே சுருக்குனுச்சு.

இத யாரும் உனக்கு சொல்ல மாட்டாங்க தம்பி. புதுசா போனவனுக்கு உடம்பு வலி கொஞ்சம், தனிமை நெறைய. அந்த மாத்திரை ரெண்டுக்கும் சேத்து வேலை செய்யும். இங்க வீட்ல அம்மா இருக்காங்க, நாலு ரோட்டுக்கு போனா பிரெண்ட்ஸ், தட்டுவடை செட், ஆடி பண்டிகைக்கு கோட்டை மாரியம்மன்னு இருக்கறப்ப ஒரு அட்டை முடிஞ்சா முடிஞ்சதோட விட்டுடுவ. அங்க பிப்ரவரி மாசம் சாயங்காலம் ஆறு மணிக்கு இருட்டுல ரூமுக்கு வந்து, பேச ஆள் இல்லாம, நாளைக்கு மறுபடி எட்டு மணி நேரம் நிக்கணும்னு இருக்கறப்ப, கை தானா டப்பாவ தேடும்.

கொஞ்ச நாள்ல ஒரு மாத்திரைக்கு அடங்கின வலி ரெண்டு கேட்டுச்சு. அது அவர் பலவீனம் இல்ல, அந்த மருந்தோட குணமே அதான், உடம்பு பழகி அதே அளவுக்கு அசையாது. ரீஃபில் முடிஞ்சு நிறுத்தினப்ப வேர்த்து ஊத்துது, வயித்தால போகுது, கொட்டாவி, மூக்கு ஒழுகல், ராத்திரி எல்லாம் காலு தானா ஒதைக்குது. ஃப்ளூனு நெனச்சு ரசம் வச்சு கொடுத்தேன். அப்ப நான் ஒரு ஃபார்மசில கேஷ்ல நின்னுட்டிருந்தேன், அங்க பார்மசிஸ்ட்டா இருந்த யாழ்ப்பாணத்து அக்காகிட்ட சொன்னதும் அவங்க ஒரே கேள்விதான் கேட்டாங்க, "என்ன குளிசை எடுத்தவர்?" அவங்கதான் டாக்டர்கிட்ட பேசி அளவ படிப்படியா குறைக்க வச்சாங்க, தினமும் எத்தனைனு நான் சாப்பாட்டு டப்பா மூடில எண்ணி வைப்பேன், மீதிய பூட்டி வச்சிடுவேன். மனுஷன் மீண்டு வந்துட்டாரு. நம்ம இந்தியா ஆளுங்க சில பேர் இலங்கை தமிழர பத்தி வாய்க்கு வந்தத பேசறப்ப எனக்கு கெட்ட கோவம் வரும், போன புதுசுல வாடகைக்கு இடம் கொடுத்ததும் அவங்க, வழி சொன்னதும் அவங்க.

அதுக்கப்புறம்தான் நான் பார்மசி அசிஸ்டன்ட் கோர்ஸ் படிச்சேன், ராத்திரி கிளாஸ், மடில குழந்தை. தட்டுல மாத்திரைய கொட்டி தட்டையான கரண்டியால அஞ்சஞ்சா தள்ளி எண்ணுவோம். நார்காட்டிக்னா ரெண்டு தடவை எண்ணணும், வாங்க வர்றவங்க ஐடி காட்டணும். கவுண்டருக்கு அந்த பக்கம் யார் யார் நிக்கறாங்கனு பாத்தா நீ நம்ப மாட்ட. டை கட்டினவங்க, டீச்சருங்க, ஹாக்கில முட்டி போன பசங்க, பல்லு புடுங்கிட்டு வந்தவங்க. யாரும் போதைக்குனு ஆரம்பிச்சவங்க இல்ல.

இது எப்படி இவ்ளோ பெருசா ஆச்சுனு படிச்சு பாத்தேன். 1980ல ஒரு அமெரிக்க மருத்துவ இதழ்ல அஞ்சே வாக்கியத்துல ஒரு லெட்டர் வந்துச்சு, ஆஸ்பத்திரில வச்சு ஓபியாய்டு கொடுத்த 11,882 பேர்ல நாலு பேர்தான் அடிமை ஆனாங்கனு. படுக்கைல இருக்கற நோயாளிக்கு நர்ஸ் கையால கொடுத்த கணக்கு அது. அத வச்சு மாசக்கணக்கா வீட்டுக்கு எழுதி கொடுத்தாலும் ஒண்ணும் ஆகாதுனு பரப்பிட்டாங்க. 1996ல பர்டூ பார்மா ஆக்சிகான்டின் மாத்திரைய இறக்கினப்ப அவங்க விற்பனை ஆளுங்க டாக்டர்கிட்ட பாடினதும் இதே பாட்டுதான். 2007ல தப்பா சொல்லி வித்தோம்னு அந்த கம்பெனி கோர்ட்ல ஒத்துகிட்டுச்சு, 2020லயும் குற்றத்த ஒத்துகிட்டுச்சு, ஆனா போன உயிர் போனதுதான். கனடால மட்டும் 2016ல இருந்து ஓபியாய்டால செத்தவங்க 50 ஆயிரத்துக்கும் மேல.

கஞ்சா லீகல் ஆயிட்டா வலிக்கு அத எடுத்துப்பாங்க, மாத்திரை சாவு குறையும்னு ஒரு பேச்சு உண்டு, உன் ரூம்மேட்டும் சொல்லுவான். 2014ல ஒரு அமெரிக்க ஆய்வு அப்படித்தான் சொல்லுச்சு. 2019ல அதே கணக்க 2017 வரைக்கும் நீட்டி பாத்தா தலைகீழா வந்துச்சு. அதனால எனக்கு முதுகு வலிக்கு கஞ்சா போதும்னு எவனாவது டாக்டர் மாதிரி பேசினா தலையாட்டிட்டு நகந்துடு.

இப்ப பெரிய ஆபத்து என்னன்னா, டாக்டர் நிறுத்தினதும் தெருவுல வாங்கறது. வேர்ஹவுஸ்ல கூட வேலை செய்யறவன் "என்கிட்ட பெர்க் இருக்கு ப்ரோ"ம்பான், பெர்கோசெட்டதான் அப்படி சொல்வாங்க. எம், 30னு குத்தின நீல மாத்திரை, பாக்க கம்பெனி மாத்திரை மாதிரியே இருக்கும், உள்ள ஃபென்டனில். மார்ஃபினவிட நூறு மடங்கு வீரியம், ரெண்டு மில்லிகிராம் ஆள முடிச்சிடும். மூச்சு மெதுவாகி மெதுவாகி நின்னுடும், பக்கத்து ரூம்ல இருக்கறவனுக்கு குறட்டை மாதிரிதான் கேக்கும். அதனால போன ஒடனே பக்கத்து பார்மசில நலாக்ஸோன் கிட் கேளு, ஓபியாய்டு அதிகமாயி மூச்சு நிக்கறத முறிக்கற மருந்து, ஒண்டாரியோல ஓசிதான், மூக்குல அடிக்கற ஸ்ப்ரே. உனக்கு இல்லனாலும் ரூம்மேட்டுக்கு ஆகும். ரூம்ல எவனாவது எழுப்ப எழுப்ப எந்திரிக்கலனா போலீஸ் வருமேனு யோசிக்காத, 911 அடி, கூப்பிட்டவன் மேலயும் விழுந்தவன் மேலயும் கைல வச்சிருந்ததுக்கு கேஸ் போட கூடாதுனு 2017லயே சட்டம் இருக்கு.

உன் ட்ரமடாலும் இதே குடும்பம்தான், வீரியம் கம்மி அவ்ளோதான். இங்க 2018லயே என்டிபிஎஸ்ங்கற போதைப்பொருள் தடுப்பு சட்டத்துக்குள்ள கொண்டு வந்துட்டாங்க, கனடாலயும் கண்ட்ரோல் லிஸ்ட்ல இருக்கு. ஆறு மாசம் எல்லாம் கொண்டு போக முடியாது, ஒரு மாசத்துக்கு மேல கூடாது, அதுவும் உனக்கு மட்டும். நம்ம ஊர் மெடிக்கல்ல பேர் ஒட்டின டப்பா கொடுக்க மாட்டாங்க, முந்தாநாள் கூட அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வாங்க போன எடத்துல பக்கத்துல ஒருத்தர் சீட்டே இல்லாம வலி மாத்திரை நாலு கேக்கறாரு, கடைக்காரர் கத்திரிக்கோலால அட்டைய வெட்டி கொடுக்கறாரு, பேரும் இல்ல தேதியும் இல்ல. அதனால டாக்டர் லெட்டர், சீட்டு, பில்லு, முழு அட்டை எல்லாம் ஒண்ணா வை. மன அழுத்தத்துக்கு எதாவது மாத்திரை எடுக்கறதா இருந்தா டாக்டர்கிட்ட சொல்லாம ட்ரமடாலோட சேக்காத, சிலது சேந்தா ஃபிட்ஸ் வரைக்கும் போகும். தண்ணி அடிச்சிட்டு போடவே கூடாது.

அதவிட என்ன கேட்டா, கிளம்ப இன்னும் நாள் இருக்குல்ல, ஆர்த்தோ டாக்டர்கிட்ட திரும்ப போ, இத எப்படி குறைச்சு நிறுத்தறதுனு கேளு. நீயா பட்டுனு நிறுத்தாத. ஒரு நல்ல பிசியோ புடிச்சு எக்சர்சைஸ் கத்துக்கோ, கனடால ஒரு சிட்டிங்குக்கு கொடுக்கற காசுல இங்க பல சிட்டிங் பாக்கலாம். அங்க வேலையில அடிபட்டா, எந்த சூப்பர்வைசர் என்ன சொன்னாலும் சரி, ஒடனே ரிப்போர்ட் பண்ணு, டபிள்யூஎஸ்ஐபினு வேலைல அடிபட்டவங்களுக்கான இன்சூரன்ஸ் இருக்கு, ஆறு மாசத்துக்குள்ள க்ளெய்ம் போடணும், பெர்மிட்ல இருக்கறவனுக்கும் உண்டு. டாக்டர் வலிக்கு எழுதறப்ப இது ஓபியாய்டானு வாய தொறந்து கேளு, ஓபியாய்டு இல்லாதது எதாவது கொடுங்கனு கேளு. கேக்கறதுக்கு கூச்சப்பட்டே நம்ம ஆளுங்க பாதி பேர் கெட்டு போறாங்க.

உங்கம்மாகிட்ட கஞ்சாவ பத்தி கவலைப்படாதீங்கனு சொல்லு. ஞாயித்துக்கிழமை போன்ல நீ என்ன சாப்பிட்டனு கேக்கறதோட, முதுகு எப்படி இருக்கு, அதுக்கு என்ன போடறனும் சேத்து கேக்க சொல்லு.

இன்னொண்ணு, நீ கிளம்பற வாரம் யாராவது அங்கிள் ஆன்ட்டி வீட்டுக்கு வந்து "எங்க பையனுக்கு கொஞ்சம் மாத்திரை, சின்ன பார்சல்தான், ஓரத்துல வச்சுக்க சாமி"ம்பாங்க. கால் கிலோ முறுக்குனா வாங்கிக்கோ, மாத்திரைனா ஒண்ணு கூட வாங்காத. கோவிச்சுகிட்டா கோவிச்சுக்கட்டும், ஏர்போர்ட்ல பெட்டிய தொறக்கறப்ப பக்கத்துல அந்த அங்கிள் நிக்க மாட்டாரு.