பேஸ் பக்கம்: வடசென்னையிலேர்ந்து வந்த கேள்விங்க

போன இதழ்ல, பேண்டுலயோ ஆர்கெஸ்ட்ராலயோ சர்ச்லயோ பேஸ் கிட்டார், அதான் கீழ் சுருதில கும்முன்னு பேசுற கிட்டார், வாசிக்கிறவங்க கேள்வி அனுப்புங்கன்னு கேட்டிருந்தோம். வந்ததுல முக்காவாசி பெரம்பூர், ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம்தான். ஒரே மாதிரி இருந்ததையெல்லாம் ஒண்ணா சேத்துட்டேன். பேரு போட வேணாம்னு நெறைய பேர் கேட்டதால ஏரியா மட்டும்.

அண்ணே, லைட் மியூசிக் ஆர்கெஸ்ட்ரால பேஸ் வாசிக்கிறேன். இப்ப ஓனர் "கீபோர்டுக்காரன் லெஃப்ட் ஹேண்ட்லயே பேஸ் வந்துடுது, உனக்கு எதுக்கு தனியா பேமென்ட்"னு கேக்குறாரு. என்ன சொல்றது? (பெரம்பூர்)

வாயால சொல்லாத தம்பி, வாசிச்சு காட்டு. ரிகர்சல்ல ஒரு எண்பதுகள் ராஜா சார் பாட்டு எடுக்கச் சொல்லு, மொதல்ல நீ இல்லாம, அப்புறம் நீ சேந்து. அந்தக் காலத்து பாட்டுங்கள்ல பேஸ் லைன்னு ஒண்ணு தனியா நடந்துகிட்டே இருக்கும், பாடுறவங்க மூச்சு விடுற எடத்துல அது பேசும், பாட்ட எடுத்துட்டு அத மட்டும் கேட்டாலும் ஒரு ட்யூன் மாதிரி நிக்கும். கீபோர்டுக்காரருக்கு இருக்கிறது ரெண்டு கை, அதுல வலது கை வயலின் வாசிச்சு, நடுவுல ஃப்ளூட்டுக்கு டோன் மாத்தி, அடுத்த பிஜிஎம்முக்கு ரெடியாகிட்டு இருக்கும்போது இடது கையால அந்த லைன முழுசா எடுக்கவே முடியாது, அடி ஸ்வரமான ரூட் நோட்ட புடிச்சிட்டு ஒக்காந்துருவாரு.

இன்னொரு விஷயம், பேஸ்ல நோட்டு எங்க ஆரம்பிக்குதுங்கிறது எல்லாருக்கும் தெரியும், எங்க நிக்குதுங்கிறதுலதான் க்ரூவ் இருக்கு. ட்ரம்ஸ்ல கால்ல அடிக்கிற கிக் விழும்போது அடிச்சு, குச்சில அடிக்கிற ஸ்நேர் விழுறதுக்குள்ள வெரலால கம்பிய அமுக்கி நிறுத்துனா, அந்த கேப்புலதான் ஜனம் தலையாட்டுது. கீபோர்டுல இதச் செய்யலாம், ஆனா செய்ய யாருக்கும் பொறுமை இல்ல.

இவ்ளோ சொல்லிட்டு ஒண்ணு சொல்லாம விட்டா தப்பு. நீயும் எல்லா பாட்டுக்கும் ரூட் நோட்ட மட்டும் தடவிட்டு போனேன்னா ஓனர் கேக்குறது நியாயம்தான்பா. இப்ப பாதி ஆர்கெஸ்ட்ரால பேஸ் ஆள் இல்லாம போனதுக்கு நம்மாளுங்க சோம்பேறித்தனமும் ஒரு காரணம்.

காசிமேட்டுல கடலுக்குப் பக்கத்துலயே வீடு. ஸ்ட்ரிங் மாத்தி கொஞ்ச நாள்லயே துரு, கை வெச்சா சொரசொரங்குது. செட்டு வெல கட்டுப்படி ஆகல அண்ணா. (காசிமேடு)

உப்புக்காத்து, அதுக்கு மேல உன் கை வேர்வ, ரெண்டும் சேந்தா நிக்கல் ஸ்ட்ரிங் தாங்காது. வாசிச்சு முடிச்சதும் காஞ்ச காட்டன் துணியால ஒவ்வொரு கம்பியா அடிப்பக்கமும் சேத்து தொட. செவுத்துல மாட்டி அழகு பாக்காத, பையில போட்டு மூடி வெய், உள்ள ரெண்டு சிலிக்கா ஜெல் பாக்கெட் போடு, புது ஷூ டப்பால வருமே அதுதான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் செட்டு துருவுக்கு கொஞ்சம் தாக்கு புடிக்கும், ஆனா சத்தம் கூர்மையா இருக்கும், கழுத்துல குறுக்கால பதிச்சிருக்கிற ஃப்ரெட்டையும் சீக்கிரம் தேய்ச்சிடும்.

பழைய கம்பிய கழட்டி தண்ணில கொதிக்க வெச்சு, நல்லா காய வெச்சு திரும்ப மாட்டுறது பழைய டெக்னிக்கு. அழுக்கு போய் சத்தம் திரும்ப வரும், ஆனா கொஞ்ச நாளைக்குத்தான், ஏற்கனவே துரு ஏறினதுக்கு அது வேலைக்காவாது. என்னக் கேட்டா தட்டைக் கம்பி சுத்தின ஃப்ளாட்வவுண்ட் செட்டு போடு. வழவழன்னு இருக்கும், அழுக்கு சேர பள்ளம் கெடையாது, வருஷக்கணக்குல ஓடும். அமெரிக்காவுல மோட்டவுன்ங்கிற ரெக்கார்டு கம்பெனி பாட்டுங்களுக்கு வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சன் 1962 ஃபெண்டர் ப்ரிசிஷன் பேஸ்ல ஃப்ளாட்வவுண்ட் போட்டு, அறுந்தாலொழிய மாத்தவே மாட்டாராம், அதுவும் வலது கையில ஒரே ஒரு வெரல வெச்சு வாசிச்சவரு. நம்ம சினிமா பாட்டுக்கும் அந்த மொழுக்குன்னு இருக்கிற டோன் பக்காவா ஒக்காரும்.

ஹவுசிங் போர்டு வீடு. ஆம்ப்ப சின்னதா வெச்சாலும் கீழ் வீட்டு ஆயா மேல வந்து கத்துறாங்க. செவுரு பூரா முட்ட அட்ட ஒட்டிட்டேன், அப்பவும் கேக்குதாம். (வியாசர்பாடி)

அட்டைய கிழிச்சு கடைல போடு. அது ரூம்குள்ள கொஞ்சம் கூர்மையான சத்தத்தோட எதிரொலியத்தான் கொறைக்கும், பேஸ அதால தடுக்கவே முடியாது. உன் தடி கம்பியான ஈ ஸ்ட்ரிங்க சும்மா தட்டினா 41 ஹெர்ட்ஸ், அந்த அலையோட நீளம் எட்டு மீட்டருக்கு மேல, உங்க ரூமே அவ்ளோ நீளம் இருக்காது. அது அட்டைய மதிக்குமா? செவுரும் தரையும் சேந்து அதிரும், ஆயாவுக்கு பாட்டு கேக்காது, கும்முகும்முங்கிறது மட்டும் கேக்கும், அதான் இன்னும் கடுப்பு.

ஹெட்ஃபோன் போடுற குட்டி ஆம்ப் ஒண்ணு வாங்கிக்கோ. அதுவும் இல்லன்னா, பேஸோட தலைப்பக்கத்த மரக்கதவுலயோ மர அலமாரிலயோ லேசா ஒட்டி வெச்சு வாசிச்சுப் பாரு, அந்த மரமே பொட்டி மாதிரி அதிர்ந்து உனக்கு மட்டும் கேக்குற அளவுக்கு சத்தம் தரும். பீரோல வெக்காத, கடகடங்கும். பேண்டா சேந்து ப்ராக்டிஸ் பண்றதுன்னா பகல்ல பண்ணுங்க. ராத்திரி பத்துலேர்ந்து காலைல ஆறு வரைக்கும் வெளில ஸ்பீக்கர் வெக்கக் கூடாதுன்னு 2000-த்துலயே ரூல் வந்தாச்சு, வீட்டுக்குள்ளன்னாலும் அந்த நேரத்துக்கு ஆயாதான் போலீஸ்.

ஆடி மாச கூழ் ஊத்துற திருவிழால பாடிகிட்டே வாசிக்கிறேன். மைக்ல ஒதடு பட்டா சுர்ருன்னு அடிக்குது. மைக்செட் அண்ணன் "செருப்பு போட்டுக்கோ, ஒண்ணும் ஆவாது"ங்குறாரு. (தண்டையார்பேட்டை)

ஆவும். இதுல செத்தவங்க இருக்காங்க, வெளையாட்டு இல்ல.

உன் கம்பி ஆம்ப்போட எர்த்துல சேந்திருக்கு, மைக்கோட இரும்பு வல மிக்ஸரோட எர்த்துல சேந்திருக்கு. ஆம்ப் ஒரு லைன்லயும் மிக்ஸர் இன்னொரு லைன்லயும் இருந்து, அதுல ஒண்ணுக்கு ஒழுங்கா எர்த் இல்லன்னா, கரண்ட்டுக்கு வழி நீதான், கைல ஏறி ஒதட்டுல எறங்கும். மழ பேஞ்ச தரை, வேர்வ கை, ஆடி மாசம், சொல்லவே வேணாம். ரெண்டும் ஒரே போர்டுலேர்ந்து, மூணு பின் ப்ளக்கோட வரணும், ஜெனரேட்டர்னா அதுக்கு எர்த் கம்பி அடிச்சிருக்கணும். பாடுறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர ஏசி வோல்ட்ல வெச்சு, ஒரு முனைய மைக் வலையிலயும் இன்னொண்ண உன் கம்பிலயும் வெச்சுப் பாக்கச் சொல்லு. பத்து இருபதுன்னு காட்டிச்சுன்னா, சரி பண்ற வரைக்கும் ஜாக்க சொருகாத, விழா கமிட்டி கத்துனா கத்தட்டும். மைக்குக்கு ஸ்பாஞ்ச் போடு, முடிஞ்சா கார்ட்லெஸ் மைக் கேளு.

இன்னொரு அநியாயம், ஹம் சத்தம் வருதுன்னு எர்த் பின்ன ஒடச்சுட்டு சொருகுற ஆளுங்க இன்னும் இருக்காங்க. ஹம் போகணும்னா பேஸ மிக்ஸர்ல சேக்குற டிஐ பாக்ஸ்ல க்ரவுண்ட் லிஃப்ட்னு ஒரு சுவிட்ச் இருக்கும், அதத் தள்ளணும், ப்ளக்கத் தொடவே கூடாது. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ஈ ஸ்ட்ரிங்ல மூணாவது ஃப்ரெட்டுல வர்ற ஜி நோட்டு 49, அதனால ஹம் இருக்கிற மேடைல அந்த ஜி-ய புடிச்சா வாவ்வாவ்னு ஆடும். ட்யூனிங் போச்சுன்னு நெனச்சு நடு மேடைல கம்பி முறுக்குற காதத் திருகிட்டு நிக்காத.

அண்ணா, சர்ச்ல பேஸ் வாசிக்கிறேன், சொந்தப் பாட்டு போடுற ஒரு பேண்டுல கூப்புடுறாங்க. "பொண்ணு பேஸ் வாசிச்சா ஸ்டேஜ் அழகா இருக்கும்"னு ஒருத்தன் சொன்னான், அதுலேர்ந்து யோசனையா இருக்கு. வெரலும் சின்னது, கீழ் ஃப்ரெட்ல எட்ட மாட்டேங்குது. (ராயபுரம்)

தங்கச்சி, அழகுக்கு பூ ஜாடி வாங்கிக்கச் சொல்லு. மத்தவங்க அவன மாதிரி இல்லன்னா போய்ப் பாரு, எல்லாரும் அதே பாட்டு பாடுனா வேற பேண்டு கெடைக்கும், நல்ல பேஸ் ஆளுக்கு எப்பவும் பஞ்சம்தான்.

வெரலு ஒரு மேட்டரே இல்ல. கீழ நாலு ஃப்ரெட்டுக்கு நாலு வெரல விரிக்கணும்னு யாரு சொன்னது? டபுள் பேஸ்காரங்க கீழ் பொசிஷன்ல காலங்காலமா மூணு ஃப்ரெட்டுக்குத்தான் கை வெக்கிறாங்க, ஆள்காட்டி, நடு, அப்புறம் மோதிர வெரலும் சுண்டுவெரலும் சேந்து ஒண்ணா. நாலாவது வேணும்னா கைய நகத்து, இழுத்து நீட்டி மணிக்கட்ட கெடுத்துக்காத. ஸ்ட்ராப்ப கொஞ்சம் ஏத்திக் கட்டு, முட்டிகிட்ட தொங்கவிட்டு வாசிக்கிறது போட்டோவுக்குத்தான் நல்லாருக்கும். சாதாரண பேஸ் 34 இன்ச் ஸ்கேல், 30 இன்ச்ல ஷார்ட் ஸ்கேல்னும் வருது, அதுல வாசிச்சா யாரும் கொறச்சு மதிக்க மாட்டாங்க. கரோல் கேன்னு ஒரு அமெரிக்கம்மா கிட்டார் வாசிச்சிட்டு இருந்தவங்க, 1963-ல ஒரு ரெக்கார்டிங்குக்கு பேஸ் ஆள் வரலன்னு அத எடுத்தாங்க, அப்புறம் லாஸ் ஏஞ்சலஸ்ல அவங்க இல்லாத ரெக்கார்டிங் கொறச்சல்னு ஆயிடுச்சு. நம்ம பக்கத்துல பேஸ் வாசிக்கிற மோகினி டே ரஹ்மான் சாரோட மேடைல வாசிக்கிறத பாத்திருப்ப.

சர்ச்ல வாசிச்சத சும்மான்னு நெனைக்காத. பாமாலை பாட்டுங்களுக்கு நாலு பார்ட் நோட்டு இருக்குல்ல, அதுல கடைசி லைன், ஆம்பளைங்க பாடுற பேஸ் பார்ட்ட அப்படியே கிட்டார்ல எடுத்துப் பழகு. ஸ்வரங்கள சேத்து வாசிக்கிறத கார்டும்பாங்கல்ல, ஒரு கார்டுலேர்ந்து இன்னொரு கார்டுக்கு எப்டி நடந்து போறதுன்னு அத விட நல்லா சொல்லித் தர்ற க்ளாஸ் எனக்குத் தெரிஞ்சு இல்ல. கீர்த்தனைக்கு அது ஒத்து வராது, அங்க ராகம் ஓடும், நீ ஸாவையும் பாவையும் புடிச்சிட்டு அடக்கமா இரு.

செகண்ட் ஹேண்ட்ல வாங்கப் போறேன். 4 ஸ்ட்ரிங்கா 5 ஸ்ட்ரிங்கா? (கொடுங்கையூர்)

நாலு. அஞ்சாவது கம்பி 31 ஹெர்ட்ஸ் கிட்ட, நீ வாசிக்கப் போற மேடைங்கள்ல இருக்கிற பாக்ஸ்ல பாதிக்கு அத ஒழுங்கா சத்தமா தர தெம்பு கெடையாது. வாங்கும்போது தலைப்பக்கம் கண்ண வெச்சு கழுத்து முறுக்கியிருக்கான்னு பாரு, ஒவ்வொரு ஃப்ரெட்டா அடிச்சுப் பாரு. பாட்டரி போடுற ஆக்டிவ் பேஸ்னா வாசிக்காத நேரத்துல ஜாக்க புடுங்கி வெய், சொருகி இருந்தாலே 9 வோல்ட் பாட்டரி தீந்துகிட்டு இருக்கும்.

சொந்தப் பாட்டு பேண்டு. பாட்டே என் பேஸ் லைன்லேர்ந்துதான் பொறந்துச்சு, இப்ப ரிலீஸ் பண்றப்ப "இசை"ன்னு கிட்டாரிஸ்ட் பேரு மட்டும். கேட்டா சண்ட. மத்தவங்க பாட்ட கவர்னு வாசிச்ச வரைக்கும் நல்லாத்தான் இருந்தோம். (வண்ணாரப்பேட்டை)

கவர்ல சண்ட வராது, ஏன்னா அதுல எதுவும் உங்களுது இல்ல. கல்யாணத்துல வாசிக்கிற வரைக்கும் சட்டமும் உங்கள விட்டுடும், 1957 காப்பிரைட் சட்டத்துல 52-ஆவது பிரிவுல கல்யாண ஊர்வலம், அதோட சேந்த கொண்டாட்டத்துக்கெல்லாம் விலக்கு இருக்கு. டிக்கெட் போட்ட ஷோ, ரெக்கார்டிங்னு போனா கத வேற, லைசென்ஸ் வேணும்.

சொந்தப் பாட்டுல மெட்டமச்சவங்கதான் இசைக்கு சொந்தக்காரங்க. ரிஜிஸ்டர் பண்ணாதான் உரிமைன்னு இல்ல, பாட்ட உண்டாக்கினப்பவே உரிமை வந்துடுது, மெட்டமச்சவர் காலத்துக்கு அப்புறம் 60 வருஷம் நிக்கும். பேரன் காலம் வரைக்கும் ஓடுற விஷயத்த டீக்கடைல வாய்ப்பேச்சா முடிக்கலாமா? உன் போன்ல அந்த லைன மொதல்ல வாசிச்ச ரெக்கார்டிங் தேதியோட இருந்தா பத்திரமா வெய், அத போட்டுக் காட்டி பொறுமையா பேசு. அடுத்த பாட்டுலேர்ந்து, பாட்டு முடிஞ்ச அன்னிக்கே ஒரு பேப்பர்ல யாருக்கு எத்தன பங்குன்னு எழுதி எல்லாரும் கையெழுத்து போடுங்க. ட்ரம்மருக்கும் சேத்துதான், அவன மறந்துடாதீங்க, எல்லா பேண்டுலயும் அவனத்தான் மொதல்ல மறக்குறாங்க.

ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. எல்லா பேஸ் லைனும் மெட்டு ஆயிடாது. கார்டு அவன் போட்டு, நீ அதுக்குக் கீழ ஓட்டியிருந்தா அது வாசிப்பு. அந்த லைன் இல்லன்னா பாட்டே இல்லன்னா அது மெட்டு. நீ எதுன்னு உனக்கே தெரியும்.

நம்ம ஏரியா பசங்க கானா பாடுறாங்க, டோலக் இருக்கு, நான் பேஸோட சேர ஆச. சேந்தா ஒரே கொழகொழன்னு ஆவுது. (புளியந்தோப்பு)

சோக்கான கேள்வி. 2018 ஜனவரில தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்ங்கிற பேண்டு கீழ்ப்பாக்கத்துல மேடையேறினப்ப கானாவும் ராக்கும் ஒண்ணா நின்னுச்சு, அதுக்கப்புறம் கானாவுக்கு பேஸ் எதுக்குன்னு கேக்குற ஆளுங்க கொறஞ்சுட்டாங்க.

கொழகொழன்னு ஆவறதுக்குக் காரணம் டோலக்கோட இடதுபக்கம். அந்த கும்முங்கிற அடி ஏற்கனவே கீழ எடத்த புடிச்சிருக்கு, அது கையால அமுக்கி வளைக்கிற சத்தம் வேற, நீயும் அதே எடத்துல நீளமா நோட்டு விட்டா ரெண்டும் ஒண்ணையொண்ணு முழுங்கிடும். டோலக்காரர் பக்கத்துல ஒக்காந்து இடது கைய மட்டும் பாரு. அவரு வளைக்கிற எடத்துல நீ நிறுத்து, அவரு விடுற எடத்துல நீ ஒரு சின்ன நோட்டு வெய். கம்பிக்கு அடில பிரிட்ஜ்கிட்ட ஒரு துண்டு ஸ்பாஞ்ச சொருகுனா நோட்டு தானா சுருங்கும்.

அப்புறம் சுதி. கானா பாடுறவரு உன் ட்யூனர கேட்டுட்டு ஆரம்பிக்க மாட்டாரு, தொண்டைக்கு எது வருதோ அதுல எடுப்பாரு, தாளமில்லாம மொதல்ல இழுத்துப் பாடுற தொகையறாவுலதான் உனக்கு டைம். வால்யூம கொறச்சு, காத பேஸோட கொம்புல வெச்சு ஸாவ கண்டுபுடி. அது ஜி ஷார்ப்லயோ டி ஷார்ப்லயோ போய் ஒக்காரும், ஓப்பன் ஸ்ட்ரிங் ஒண்ணும் உதவாது, அதனால எந்த ஃப்ரெட்லேர்ந்து எடுத்தாலும் ஒரே ஷேப்ல வாசிக்கப் பழகிக்கோ. ரெண்டுக்கும் நடுவுல போய் நின்னாருன்னா, வெக்கப்படாம கம்பிய கொஞ்சம் ஏத்தி எறக்கி அவருக்கு ட்யூன் பண்ணு. அவர மாத்தச் சொல்லிடாத, அடுத்த வாரம் கூப்புட மாட்டாங்க.