கொள்ளைநோயும் சேமநிதியும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

கோவிட் காலத்தைப் பற்றிய உங்கள் கட்டுரையில் பொருளாதார அமைப்புகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சோசலிச நாடுகள் மக்களைக் காத்தன, முதலாளித்துவ நாடுகள் சந்தையைக் காத்தன என்பது என் எண்ணம். மலேசியாவை நீங்கள் எதில் சேர்ப்பீர்கள்?

வாசகர், பட்டர்வொர்த்

அன்புள்ள ஐயா,

நீங்கள் சுட்டிய குறை நியாயமானது. ஆனால் அந்தப் பிரிவினை எனக்கு முழுதாக உடன்பாடில்லை.

அமெரிக்காவும் ஜெர்மனியும் சந்தைப் பொருளாதாரங்களே. 2020 ஏப்ரலில் அமெரிக்காவின் வேலையின்மை 14.7 விழுக்காட்டை எட்டியது. முதலாளியின் வழியாகவே மருத்துவக் காப்புறுதி பெற்றிருந்த பலர், நோய் உச்சத்தில் இருந்தபோது வேலையோடு அதையும் இழந்தார்கள். ஜெர்மனியிலோ, ஆட்களை நீக்காமல் வேலைநேரத்தைக் குறைத்தால் இழந்த கூலியில் கணிசமான பங்கை அரசுத் தரப்பே ஈடுகட்டும் ஏற்பாடு பல பத்தாண்டுகளாக இருந்துவந்தது. அதே ஏப்ரலில் ஏறத்தாழ 60 லட்சம் பேர் அதில் சேர்ந்து வேலையைத் தக்கவைத்துக்கொண்டார்கள். அமெரிக்க அரசு ஒன்றும் கஞ்சத்தனம் காட்டவில்லை, ஏறத்தாழ 2.2 டிரில்லியன் டாலரை ஒரே சட்டத்தில் ஒதுக்கியது. ஜெர்மனியில் வாய்க்கால் முன்பே வெட்டப்பட்டிருந்தது. அமெரிக்கர்கள் வெள்ளம் வந்தபின் மண்வெட்டி தேடினார்கள்.

சோசலிச நாடான கியூபா தன் தடுப்பூசிகளைத் தானே உருவாக்கி, 2021 செப்டம்பரில் இரண்டு வயதுக் குழந்தைகளுக்கும் செலுத்தத் தொடங்கியது. அதே ஆண்டில் அங்கே சாதாரண மருந்துகளுக்கே தட்டுப்பாடு. அமெரிக்காவின் வர்த்தகத் தடையும் அதற்கொரு காரணம்தான், ஆனால் அது மட்டுமே காரணம் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

மலேசியாவைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி மருத்துவரைப் பார்க்கக்கூடிய அரசு மருத்துவமனைகள் நம்மிடம் இருந்தன. தடுப்பூசி குடியுரிமை இல்லாதவர்களுக்கும் இலவசமாகக் கிடைத்தது. இந்த அளவில் நீங்கள் சொல்லும் சோசலிசத்துக்கு நாம் நெருக்கமாகவே இருந்தோம். ஆனால் 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து கூலி நின்றபோது, அரசின் உதவித்தொகைகளுக்கும் கூலி மானியத்துக்கும் பக்கத்திலேயே இன்னொரு கதவு திறக்கப்பட்டது: தொழிலாளர்கள் ஓய்வுக்காலத்துக்கென்று சேர்த்த தங்கள் இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணத்தையே எடுத்துச் சாப்பிடலாம். 2022-க்குள் நான்கு திட்டங்களில் ஏறத்தாழ 14,500 கோடி வெள்ளி அப்படி வெளியேறியது. அதை நிவாரணம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. அது முதுமையிடமிருந்து வாங்கிய கடன், அதைத் திருப்பிக் கட்ட வேண்டியவரும் கடன் வாங்கிய அதே தொழிலாளிதான்.

அந்தக் கதவுகூட எல்லாருக்கும் இல்லை. கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே காலையில் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) விற்ற அக்காவுக்குச் சேமநிதிக் கணக்கே கிடையாது, முதலாளி என்று ஒருவர் இல்லாததால் கூலி மானியமும் கிடையாது. 2021 ஜூலையில் உதவி வேண்டும் என்பதற்கு அடையாளமாகப் பல வீடுகளில் வெள்ளைக் கொடி ஏறியபோது அவர் கொடி கட்டவில்லை; தம் வளையல்களை அடகுக்கடைக்குக் கொண்டுபோனார்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: மருத்துவத்தில் நாம் பொதுவுடைமைக்காரர்கள், கூலியில் அவரவர் பாடு அவரவருக்கு. அடுத்த கொள்ளைநோய்க்கு நம்மை ஆயத்தப்படுத்துவதைப் பற்றிய பேச்சு இங்கே பெரும்பாலும் கட்டில்களையும் தடுப்பூசிகளையும் பற்றியே நடக்கிறது, அந்த அக்காவைப் போன்றவர்களின் வருமானத்தைப் பற்றி அல்ல என்பதே என் வருத்தம்.